சேதி சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

தர்மபுரிப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் செபமாலை சொல்ல உட்கார்ந்தால், அருள் நிறைந்த மந்திரம் 53 முறை ஒலிக்கும். அதன் முதல் வரி, கபிரியேல் என்னும் வானதூதர் நாசரேத்து மரியாளிடம் சொன்ன வாழ்த்து. கோயில் மணியோடு காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் சொல்லப்படும் திரிகால செபமும் அதே சந்திப்பைத்தான் நினைவுகூர்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களுக்கென்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் உருவானது 1997-ல்தான். கபிரியேலின் வாழ்த்தோ அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

விவிலியத்தில் வானதூதரின் முதல் வேலை சேதி சொல்வது. சொன்னதும் போய்விடுவார்.

லூக்கா நற்செய்தி இரண்டு சேதிகளோடு தொடங்குகிறது. எருசலேம் ஆலயத்தில் தூபம் காட்டப் போன முதிய குரு செக்கரியாவுக்கு, தூபப் பீடத்தின் வலப்பக்கம் கபிரியேல் தோன்றுகிறார். மகன் பிறப்பான் என்கிறார். இந்த வயதிலா என்று செக்கரியா சந்தேகப்பட, அவருடைய பேச்சு நின்றுபோகிறது. இன்னும் ஏன் வரவில்லை என்று வெளியே மக்கள் காத்திருக்கிறார்கள். வந்தவர் கையால் சைகை மட்டும் காட்டுகிறார். குழந்தை பிறந்து பெயர் வைக்கும் நாளில், எழுதுபலகை கேட்டு வாங்கி ‘யோவான்’ என்று எழுதிய பிறகே நாவு கட்டவிழ்கிறது.

செக்கரியாவின் மனைவி கருவுற்ற ஆறாம் மாதத்தில் அதே தூதர் நாசரேத்துக்குப் போகிறார். மரியாளும் கேள்வி கேட்கிறார். ஆனால் அவருக்குத் தண்டனை இல்லை, விளக்கம் கிடைக்கிறது. அவர் சம்மதம் சொன்ன மறுகணம் தூதர் அகன்றுவிடுகிறார்.

இந்தச் சேதிகள் யாருக்குப் போகின்றன என்பது கவனிக்க வேண்டியது. விவிலியத்தில் ஆண்டவரின் தூதர் முதன்முதலாகப் பேசுவது ஆகார் என்னும் அடிமைப் பெண்ணிடம். எஜமானியின் கொடுமை தாங்காமல் கர்ப்பிணியாக ஓடிவந்து, பாலைவனத்து நீரூற்றருகே இருந்தவரிடம், எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார் தூதர். இயேசு பிறந்த சேதியும் அரண்மனைக்குப் போகவில்லை. இரவில் கிடைக்குக் காவல் இருந்த இடையர்களுக்குப் போனது. கொல்லைக்காட்டில் பட்டி போட்டு, ஆடுகளோடு திறந்தவெளியில் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்திருக்கும் தர்மபுரிக்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அடையாளமாகச் சொல்லப்பட்டதும் மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டிதான்.

மத்தேயு நற்செய்தியில் தூதர் தச்சர் யோசேப்பின் கனவில் வருகிறார். மரியாளை ஏற்றுக்கொள், குழந்தையோடு எகிப்துக்கு ஓடு, திரும்பி வா என மூன்று உத்தரவுகள். நற்செய்திகளில் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. எழுந்து, சொன்னதைச் செய்கிறார். அந்த மௌன மனிதரை வளன் என்ற பெயரில் தலைவனாக்கி, 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடினார் வீரமாமுனிவர்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் அட்டைச் சிறகு இந்தக் காட்சிகள் எதிலும் இல்லை. இறைவாக்கினர் எசாயா கண்ட சேராபீன்கள் என்னும் வானவர்களுக்கு ஆறு சிறகுகள் உண்டு. ஆனால் சேதி கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் மனிதரைப் போலவே வருகிறார்கள். தோபியாவுடன் நெடுந்தூரம் நடந்த ரபேல் என்னும் தூதர், ஊர் திரும்பிய பிறகுதான் தன்னை யாரென்று சொல்கிறார். இந்தக் கதையைச் சொல்லும் தோபித்து நூல் கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு, சீர்திருத்த சபைகளின் விவிலியத்தில் இல்லை.

தூதரை வணங்கவும் விவிலியம் இடம் தருவதில்லை. திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில், அந்நூலை எழுதிய யோவான் தூதரின் காலில் விழப்போக, தானும் ஓர் ஊழியனே என்று அவர் தடுத்துவிடுகிறார். கத்தோலிக்கத் திருச்சபை மிக்கேல், கபிரியேல், ரபேல் மூவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. முன்பு தனித்தனியாக இருந்த அவர்கள் திருநாள்கள், 1969-ல் நாட்காட்டி சீரமைக்கப்பட்டபோது செப்டம்பர் 29-ல் ஒன்றுசேர்ந்தன. கபிரியேலுக்கு அதற்கு முன்பே இன்னொரு பொறுப்பும் வந்திருந்தது: 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைத்தொடர்புத் துறையின் பாதுகாவலராக அறிவித்தார்.