இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால்

கைத்துப்பாக்கிக் குண்டின் எடை எஃப்.பி.ஐ.யை அலைக்கழித்த கதை

1986 ஏப்ரல் 11, காலை ஒன்பதரை மணி. அமெரிக்காவில் மயாமி நகரின் புறப்பகுதி. வங்கிக் கொள்ளையர்கள் இருவரின் காரைத் துரத்தி மறித்தார்கள் எஃப்.பி.ஐ. அதிகாரிகள். சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனின் கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்தது. சுட்டவர் ஜெர்ரி டோவ் என்ற அதிகாரி என்பது பொதுவான முடிவு. குண்டு இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிளாட் விழவில்லை. அதன் பிறகு அவனுடைய ரைபிளுக்கு டோவும் பென் குரோகன் என்ற அதிகாரியும் பலியானார்கள். ஐந்து அதிகாரிகளுக்குக் காயம். ஒரு கை செயலிழந்த நிலையில் எட்மண்டோ மிரெலஸ் என்ற அதிகாரி ரிவால்வரால் சுட்டு இரு கொள்ளையர்களையும் முடித்தார்.

பழி அந்த ஒற்றைக் குண்டின் மேல் விழுந்தது. அதன் எடை 115 கிரெய்ன்.

கிரெய்ன் என்றதும் பலர் வெடிமருந்தின் அளவு என்று நினைக்கிறார்கள். இல்லை, தோட்டாப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது, பாய்ந்து செல்லும் குண்டின் எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 115 கிரெய்ன் என்பது ஏழரை கிராம். ஒரு பவுன் தங்கத்தைவிடச் சற்றுக் குறைவு.

ஒரே துப்பாக்கிக்கு 115, 124, 147 என்று பல எடைகளில் குண்டு கிடைக்கும். துப்பாக்கி தாங்கும் அழுத்தத்துக்கு எல்லை உண்டு. அதனால் இலேசான குண்டு வேகமாகப் போகும், கனமானது மெதுவாகப் போகும். 115 கிரெய்ன் வினாடிக்கு சுமார் 360 மீட்டர். 147 கிரெய்ன் சுமார் 300. வேகம்தானே பலம்? அங்கேதான் சிக்கல். முனை குழிந்த குண்டு உடலில் பட்டதும் பூப்போல விரியும். (விரியும் குண்டின் பெயர் நம் ஊர்தான்: கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலை. 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடுத்தது. போலீசை அது கட்டுப்படுத்தவில்லை.) இலேசான குண்டு வேகமாக விரிந்து சீக்கிரமே நின்றுவிடுகிறது. கனமானது, அதே குறுக்களவில் நீளமாக இருப்பதால், தன் எடையின் உந்துதலில் இன்னும் ஆழம் போகிறது.

எஃப்.பி.ஐ. 1987-ல் காயவியல் நிபுணர்களைக் கூட்டியது. ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து, குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று விதித்தது. துணி, ஒட்டுப்பலகை, கார் கண்ணாடி வழியாகவும் சோதனை. முதலில் 147 கிரெய்ன் 9 மி.மீ. குண்டைக் கையில் எடுத்தது. பிறகு 10 மி.மீ.க்குத் தாவியது. அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை என்பதால் 180 கிரெய்ன் குண்டை மருந்து குறைத்துச் சுட்டார்கள். இவ்வளவு குறைத்தால் இத்தனை பெரிய தோட்டா எதற்கு? அந்தக் கேள்விக்கு 1990-ல் வந்த விடைதான் .40 தோட்டா. 1997-ல் எஃப்.பி.ஐ. அதற்கு மாறியது.

குண்டைக் குற்றவாளியாக்கியது முழு நியாயம் அல்ல என்பது என் எண்ணம். ஆபத்தானவர்கள் என்று தெரிந்தே போன அதிகாரிகளில் பெரும்பாலோர் கையில் ரைபிளுக்கு எதிராக இருந்தது கைத்துப்பாக்கிதான். அதே குண்டு கையில் பாயாமல் நேராக மார்பில் பாய்ந்திருந்தால் கதையே வேறு.

2014-ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மி.மீ.க்கே வாக்களித்தது. இடைக்காலத்தில் குண்டின் வடிவமைப்பு மேம்பட்டு, 9 மி.மீ.யே தேவையான ஆழத்தை எட்டத் தொடங்கியிருந்தது. உதையும் குறைவு, குறி தப்பாமல் அடுத்தடுத்துச் சுட முடிகிறது. அந்த ஆவணத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது: மோதல்களில் போலீசார் சுடும் தோட்டாக்களில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகின்றன.