தள்ளிப்போகும் தேதியும் தளராத நோயாளியும்

டாக்டரைக் காணக் குறித்துத் தந்த நாளை நோயாளி எண்ணிக்கொண்டே இருப்பது இயல்பு. அந்த நாளில் சென்று நிற்கும்போது, “இன்று இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்” என்ற விடை கிடைத்தால் மனம் சோர்வதும் இயல்பே. ஒரு முறையானால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவ்வாறே நேர்ந்தால், பலர் ஆஸ்பத்திரியையே கைவிட்டுவிடுகின்றனர். நோயோ அவர்களைக் கைவிடுவதில்லை. பிற மாநிலத்தில் உழைத்து வாழும் தமிழர்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகிறது. மொழி புதிது, துணைக்கு வர உறவினர் இல்லை, வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆகவே பெரிய ஆஸ்பத்திரிகளில் தேதி ஏன் தள்ளிப்போகிறது, தள்ளிப்போனால் நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வோம்.

கொச்சி நகரத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டாஞ்சேரியிலும், வாத்துருத்தியிலும் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. நகரின் மறுகோடியில், தொழிற்சாலைகள் நிறைந்த களமசேரியில், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூட்டுறவுத் துறையில் தொடங்கி, 2013-ஆம் ஆண்டில் அரசு ஏற்றுக்கொண்ட கல்லூரி அது. கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. 2017-இல் மெட்ரோ ரயில் களமசேரி வழியே ஓடத் தொடங்கியபின் பயணம் எளிதாயிற்று எனினும், மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு தொழிலாளி இத்தகைய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். தேதி மாறியது அவருக்கு முன்கூட்டியே தெரியாவிடில், அந்த இழப்புக்குப் பயனே இல்லை.

தேதி தள்ளிப்போவதற்குக் காரணங்கள் பல. ஆபரேஷன் ஒன்று நடைபெறச் சர்ஜன் ஒருவர் மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், நர்சுகள், ரத்தம், கருவிகள், அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை ஆகிய யாவும் ஒரே நாளில் ஒன்றுசேர வேண்டும். விபத்தில் அடிபட்டவர் ஒருவர் வந்தால், அந்தப் படுக்கை அவருக்குப் போய்விடும். சில வேளை காரணம் நம்மிடமே இருக்கும். காய்ச்சல், ரத்த அழுத்தம், கட்டுக்கடங்காத சர்க்கரை, வெறும் வயிற்றில் வரச் சொல்லியும் காலையில் அருந்திய ஒரு தம்ளர் டீ ஆகியவற்றால் தள்ளிப்போகும் ஆபரேஷன்களும் உண்டு. நோயாளி சீட்டுப் பெறும்போது கொடுத்த தொலைபேசி எண், பின்னர் மாற்றிவிட்ட எண்ணாகவோ மேஸ்திரியின் எண்ணாகவோ இருந்தால், செய்தி அனுப்பியும் அவரைச் சேராது.

கருவிக் குறைவும் ஒரு பெருங்காரணம். 2025-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் சிறுநீரியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவிகள் இல்லாமையால் ஆபரேஷன்களைத் தள்ளிவைக்க நேர்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். கேரளமெங்கும் அது பேச்சாயிற்று; அரசு விசாரணைக் குழு அமைத்தது; சில நாட்களில் கருவி வந்து சேர்ந்தது. இதில் நாம் அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு. காரணம் இன்னதென்று வெளிப்பட்ட பிறகே பரிகாரமும் பிறந்தது.

ஆகவே தேதி மாறும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, “ஏன்?” என்பதே. டாக்டர் விடுப்பில் இருந்தால், அதே பிரிவின் வேறு டாக்டர் பார்ப்பாரா என்று வினவலாம். கருவி பழுதானால், அக்கருவி உள்ள வேறு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருமாறு வேண்டலாம். படுக்கை இல்லையெனில், காத்திருப்போர் வரிசையில் நம் இடம் எத்தனையாவது என்று தெரிந்துகொள்ளலாம். காரணம் நம் உடல்நிலையானால், அதைச் சீர்செய்துகொண்டு திரும்ப வேண்டும். காரணம் அறியாமல் வீடு திரும்புபவர் அடுத்த முறையும் அதே விடையைப் பெறக்கூடும்.

இங்கே மொழியினால் விளையும் மயக்கத்தையும் கூறவேண்டும். “டாக்டர் அவதியிலாணு” என்று கேட்கும் தமிழர், டாக்டருக்கு ஏதோ துன்பம் நேர்ந்துவிட்டதாக எண்ணக்கூடும். மலையாளத்தில் அவதி என்பது விடுமுறை. “மாற்றிவெச்சு” என்றால் வேறு நாளுக்குத் தள்ளிவைத்தனர் என்பது பொருள். “ரத்தாக்கி” என்றால் அறவே நீக்கிவிட்டனர் என்பது பொருள். முன்னதில் நம் இடம் வரிசையில் நிற்கிறது. பின்னதில் மீண்டும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதைத் தெளிவாகக் கேட்டறிவது நலம்.

அடுத்து, புதிய தேதியை ஓ.பி. சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பழைய தேதியையும் தள்ளிவைத்த காரணத்தையும் அதனருகே குறிக்கச் சொல்லலாம். மூன்று முறை தள்ளிப்போனதை வாயால் சொல்வதைவிட, அந்தச் சீட்டு உறுதியாகச் சொல்லும். அதனைக் காட்டித் துறைத் தலைவரிடமோ சூப்பரிண்டெண்டிடமோ எழுத்தில் முறையிடலாம். அரசு ஆஸ்பத்திரியானால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விவரம் கேட்கலாம். விடை தருவதற்குரிய கெடு 30 நாள். உயிரைப் பற்றிய விஷயமாயின் அக்கெடு 48 மணி நேரமே. கட்டணம் வாங்கும் தனியார் ஆஸ்பத்திரியின் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று சுப்ரீம் கோர்ட் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆயினும், தேதி மாறியது மட்டுமே குற்றமாகிவிடாது. நியாயமின்றித் தாமதித்ததும், அதனால் நேர்ந்த தீங்கும் புலப்பட வேண்டும்.

இங்கிலாந்தில், நோயாளி தொடர்பான மருத்துவக் காரணமின்றி ஆபரேஷன் அதே நாளில் நிறுத்தப்பட்டால், 28 நாட்களுக்குள் வேறு நாள் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. நம் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான அத்தகைய கெடு இல்லை. எனவே தேதியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு பெரிதும் நோயாளியின்மீதே விழுகிறது.

யாவற்றினும் முக்கியமான ஒன்றை இறுதியில் கூறுகிறேன். குறித்த தேதி என்பது நோய் இருந்த நிலையிலேயே இருக்கும் என்ற எண்ணத்தில் தரப்படுவது. மார்வலி, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு, திடீரென ஒரு பக்கம் கைகால் விளங்காமை, அடங்காத வலி ஆகியவை கண்டால், தேதி வரும்வரை காத்திருத்தல் கூடாது. 108 எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்து அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அவசர சிகிச்சை தேவைப்படுபவரை அரசு ஆஸ்பத்திரி இடமில்லை என்று திருப்பியனுப்புவது, உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-இல் கூறியுள்ளது. அவசரமல்லாத ஐயங்களுக்குக் கேரளத்தில் 1056 என்ற ‘திசா’ எண்ணில் ஆலோசனை பெறலாம்.

வெளியூரில் பிழைக்கும் நம்மில் பலர், கேள்வி கேட்டால் உள்ளதும் கெட்டுவிடுமோ என்று அஞ்சி, தலையசைத்துவிட்டு வந்துவிடுகிறோம். பணிவாகக் கேட்ட கேள்விக்குக் கோபிப்போர் சிலரே. காரணத்தையும் புதிய தேதியையும் கேட்டு, இரண்டையும் சீட்டில் எழுதி வாங்கி, அதன்பின்னரே வாசலைக் கடப்பது என்று ஒவ்வொருவரும் வழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத தோழருக்குத் துணையாகச் சென்று இதனைச் செய்துகொடுப்பதும் நம் கடமையே.