கிளவுட் சர்வருக்கு மாறியதும் பழைய புரோகிராம் ஏன் நின்று போகிறது?

கடைக் கணக்கு, பில்லிங், சரக்கு இருப்பு எனப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதி வாங்கிய டேட்டாபேஸ் புரோகிராம்கள் இன்றும் ஓடிக் கொண்டிருக்கின்றன. திருச்சி காந்தி மார்க்கெட் பகுதியில் பாக்ஸ்புரோவில் எழுதப்பட்டவற்றை நானே சரி செய்து கொடுத்திருக்கிறேன். விஷுவல் பாக்ஸ்புரோவிற்கான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆனாலும் வியாபாரிகள் அதை விடுவதாக இல்லை.

இவற்றைக் கிளவுட் சர்வருக்கு மாற்றியதும், "நேற்று வரை ஓடியது, இன்று தானாகவே மூடிக் கொள்கிறது" என்பார்கள். கிளவுட் சர்வர் என்பது வேறு ஊரில் இருக்கும், இன்டர்நெட் வழியாக நாம் வாடகைக்குப் பயன்படுத்தும் ஒரு கம்ப்யூட்டர். பெரும்பாலும் புரோகிராம் கெட்டுப் போயிருக்காது. அது நம்பியிருந்த சூழ்நிலைதான் மாறியிருக்கும். கீழ்க்காணும் மூன்றையும் சோதித்துப் பாருங்கள்.

1. தொலைவு

கடை காந்தி மார்க்கெட்டில், பேரேடு ஸ்ரீரங்கத்து வீட்டில் என்று வைத்துக் கொள்வோம். ஒருவரின் பாக்கியைப் பார்க்க, பேரேட்டை ஒவ்வொரு பக்கமாகக் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? பாக்ஸ்புரோ, அக்சஸ் ஆகியவை இப்படித்தான் செயல்படுகின்றன. தேடும் வேலை நம் கம்ப்யூட்டரில் நடப்பதால், பைலின் பகுதிகள் இங்கே வந்தாக வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வர் போன்றவற்றில், வீட்டிலேயே ஒரு கணக்குப்பிள்ளை இருப்பது போல, விடை மட்டும் வந்து சேரும்.

ஒரு பில் போட 400 முறை டேட்டா போய்வர வேண்டும் என்று கொள்வோம். கடைக்குள் கேபிள் இணைப்பில் ஒரு முறைக்கு 1 மில்லி செகண்ட் என்றால் மொத்தம் 0.4 செகண்ட். மும்பையில் உள்ள சர்வருக்கு 30 மில்லி செகண்ட் என்றால் 12 செகண்ட். இடையில் இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் இன்டெக்ஸ் பைல் கெடலாம். புரோகிராம் மூடிக் கொள்ளலாம்.

ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் காய்கறி மொத்த வியாபாரி ஒருவர், வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பதற்காக டேட்டா பைல்களை மட்டும் சர்வருக்கு மாற்றியிருந்தார். புரோகிராமையும் அதே சர்வரில் பதிந்து, ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இயக்கும்படி செய்தேன். இப்போது திரைக்காட்சி மட்டுமே இன்டர்நெட்டில் பயணிக்கிறது. புரோகிராம் மூடிக் கொள்வதும் நின்றுவிட்டது.

2. 32 பிட், 64 பிட்

இன்றைய விண்டோஸ் சர்வர்கள் 64 பிட் வகை. டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் இவற்றில் நேரடியாக இயங்காது. பழைய அக்சஸ் பைல்களைத் திறக்கும் ஜெட் டிரைவர் 32 பிட்டில் மட்டுமே உண்டு. எனவே 32 பிட் ஓ.டி.பி.சி. செட்டிங்கில்தான் இணைப்பை அமைக்க வேண்டும். சிஸ்டம்32 போல்டரில் இருப்பது 64 பிட் செட்டிங். சிஸ்வாவ்64 போல்டரில் இருப்பதே 32 பிட். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

3. தேதியும் நேரமும்

புரோகிராம் மூடிக் கொண்டால் நமக்குத் தெரிந்துவிடும். தேதி மாறினால் தெரியாது. கிளவுட் சர்வர்கள் பலவும் அமெரிக்கத் தேதி முறையிலும், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யு.டி.சி. நேரத்திலும் அமைக்கப்பட்டு வருகின்றன. விண்டோஸ் செட்டிங்கை நம்பி எழுதப்பட்ட புரோகிராமில் 13/04 எனக் கொடுத்தால் பிழைச்செய்தி வரலாம். 05/04 எனக் கொடுத்தால் சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடலாம். ஏப்ரல் 1 விடியற்காலை 4 மணிக்குப் போடும் பில், மார்ச் 31 என்று பதிவாகி முந்தைய நிதியாண்டில் போய் உட்காரும். சர்வரின் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியில் இங்கிலீஷ் இந்தியா என்பதையும், இந்திய நேரத்தையும் தேர்ந்தெடுத்திடுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னும் டேட்டா போல்டர் முழுவதையும் காப்பி எடுத்து, சர்வருக்கு வெளியே வைத்திடவும். ரீஇன்டெக்ஸ் வசதியை அதன் பிறகே இயக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைக்காமல், வி.பி.என். வழியாக மட்டும் அனுமதியுங்கள். பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் தேடி நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று. பழைய கடைக் கம்ப்யூட்டரையும் உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு மாதக் கணக்கை இரண்டிலும் போட்டு, கூட்டுத்தொகை ஒத்துப் போன பிறகு அதை ஓய்வு பெறச் செய்யலாம்.