பிள்ளைக்கு மலச்சிக்கல்: நல்ல பாக்டீரியாவா, மலமிளக்கியா?

பிள்ளைக்கு ஜுரம் என்றால் அடுத்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுகிறோம். மலச்சிக்கல் என்றால் மட்டும் மாதக்கணக்கில் வீட்டு வைத்தியம்தான்! வாழைப்பழம், வெந்நீர், அதற்கும் மசியாவிட்டால் ஆசனவாயில் விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு, இல்லையென்றால் சோப்புத் துண்டு. பாலக்கரையில் என்னிடம் வரும் அம்மாக்கள் பலர் இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இப்போது கையில் ஒரு புரோபயாடிக் பாக்கெட்டும் இருக்கிறது. "பேதி மருந்து கொடுத்தா பழகிடுமாமே... இதுல நல்ல கிருமி இருக்குதாம். இதையே கொடுக்கட்டுமா டாக்டர்?"

நியாயமான கேள்வி. முதலில் மலம் ஏன் தங்குகிறது என்று பாருங்கள்.

ஒரு நாள் கெட்டியாகப் போய் வலிக்கிறது. பயந்துபோன பிள்ளை மறுநாள் அடக்குகிறது. காலைப் பின்னிக்கொண்டு, மூலையில் நின்று முகம் சிவக்கிறதே, அது பெரும்பாலும் முக்குவது இல்லை, அடக்குவது! அடக்கக்கூடாத 14 வேகங்களில் ஒன்றாக மலத்தைச் சித்த மருத்துவம் சேர்த்திருப்பது சும்மா இல்லை. தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் கல்லாகும். மலக்குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மழுங்கிவிடும். அப்புறம் அந்தக் கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் படும். "வேணும்னே பண்றான்" என்று அடி விழும்! பேதி என்று நினைத்து, கட்டுவதற்கு மருந்து கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அடிக்காதீர்கள். அவனுக்குத் தெரியாமலே நடப்பது அது.

இந்தக் கட்டியைப் புரோபயாடிக் கரைக்குமா? 2022-ல் காக்ரேன் குழுவினர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த 14 ஆய்வுகளை அலசினார்கள். பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரிய கெடுதல் இல்லை; காசுதான் கரையும். மோர், தயிர் தாராளமாகக் கொடுங்கள், உணவாக. மருந்து என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மலமிளக்கிக்கு வருவோம். 'பேதி மருந்து' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம், அங்கேதான் குழப்பம். குடலைத் தூண்டி நெளிய வைப்பது ஒரு வகை. எங்கள் நிலாவாரை அந்த ரகம். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, 'டின்னவேலி சென்னா' என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய இலை. இதில் ஒரு வேடிக்கை: நிலாவாரையின் சத்தைப் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்துக் கொடுத்தால்தான் அது வேலையே செய்யும்! ஆனால் கட்டி தங்கிய குழந்தைக்கு எடுத்த எடுப்பில் இதைக் கொடுத்தால் வயிறு முறுக்கி வலிக்கும். பயம் இன்னும் கூடும். விளக்கெண்ணெயை மூக்கைப் பிடித்துப் புகட்டுவதும் வேண்டவே வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

இன்னொரு வகை குடலை விரட்டுவதில்லை. மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்குகிறது, அவ்வளவுதான். 2018-ல் இந்தியக் குழந்தைகள் வயிற்று நோய் நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக்கு மேல் முதல் மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். அதற்குக் கீழே லாக்டுலோஸ் சிரப். சித்த வைத்தியன் இங்கிலீஷ் மருந்தைச் சிபாரிசு செய்கிறானே என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்கு வலிக்காமல் போக வேண்டும், அதுதான் கணக்கு. முதலில் குழந்தை மருத்துவர் சொல்லும் அளவில் சில நாளில் கட்டியை வெளியேற்ற வேண்டும். பிறகு குறைந்த அளவில் சில மாதங்கள்.

'பழகிவிடும்' என்கிற பயம்தான் இங்கே வினை. இளக்கும் மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். நாலு நாள் சுலபமாகப் போனதும் நிறுத்தினால் மறுபடி கட்டும். "பார்த்தீங்களா, பழகிடுச்சு" என்பீர்கள்! மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும், டாக்டர் சொன்ன பிறகு.

சாப்பாட்டில்: காந்தி மார்க்கெட்டில் கிடைக்கும் கொய்யா, கீரை, அவரை போதும். வாழைப்பழம் நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும், செங்காய் கட்டும். சோறு இறங்காமல் பாலிலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைக்குப் பாலைக் குறையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் போகாவிட்டாலும், மலம் இளக்கமாக இருந்து, சிரித்து விளையாடினால் மருந்தே வேண்டாம்.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, வயிறு உப்பி பச்சையாக வாந்தி எடுப்பது, எடை ஏறாமை, மலத்தில் ரத்தம்... இதற்கெல்லாம் வீட்டு வைத்தியம், என் வைத்தியம் இரண்டும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிதான்.

இரண்டு வயதுக்கு மேல், சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிஷம் உட்காரப் பழக்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள். தொங்குகிற காலோடு பிள்ளையால் முக்க முடியாது. பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து சாயந்திரம் வரை அடக்குகிற பிள்ளைகள் ஏராளம். ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். "இவன் கேட்டா உடனே அனுப்புங்க" என்று டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.