மீன் தொட்டிக்கு மணல் இடுவோம்

வீட்டில் மீன் வளர்க்க ஆசையா? முதலில் மணலைக் கவனிப்போம்.

அயிரை மீன் மணலுக்குள் புதைந்து ஒளியும் இயல்புடையது. கூரிய கற்கள் அதன் மீசையைக் காயப்படுத்தும். ஆகவே மெல்லிய ஆற்று மணலே நன்று. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் உண்டு. ஒரு பிடி மணலில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. அது நீரைக் கடினமாக்கும்.

2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள தொட்டியில் 4 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்ப, ஏறக்குறைய 12 கிலோ மணல் தேவை. அதைச் சலித்து, வாளியிலிட்டு, கழுவும் நீர் தெளியும் வரை அலச வேண்டும். பின்புறம் சற்று உயரமாகப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெதுவாக நீர் ஊற்றினால் மணல் கலங்காது.

அன்றே மீனை விடலாமா? நாங்கள் விட்டோம், ஒரே வாரத்தில் மூன்று அயிரைகள் இறந்தன. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுவரை நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் இட்டு வருவோம்.

வீட்டை ஆயத்தம் செய்த பின்னரே விருந்தினரை அழைப்போம்!