அரண்யா குடியிருப்பு

அரண்யா குடியிருப்பு என்பது, இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில், இந்தூர் நகரில் அமைந்துள்ள குறைந்த செலவு வீட்டுத் திட்டம் ஆகும். இந்தூர் வளர்ச்சி ஆணையத்துக்காக, கட்டிடக்கலைஞர் பாலகிருஷ்ண தோசி நிறுவிய வாஸ்து-சில்ப்பா அறக்கட்டளை இதனை வடிவமைத்தது. 1980களில் உருவான இத்திட்டம், 1995 ஆம் ஆண்டில் கட்டிடக்கலைக்கான ஆகா கான் விருதைப் பெற்றது.

பின்னணி

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே முழு வீட்டையும் கட்டிக் கொடுத்தால் செலவு மிகும். கட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கையோ குறையும். எனவே மனை, குடிநீர், கழிவுநீர், சாலை, மின்சாரம் ஆகியவற்றை மட்டும் அளித்து, வீட்டைக் குடும்பங்களே கட்டிக்கொள்ள விடும் முறை 1970களில் பல நாடுகளில் பரவியது. சென்னையில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும் இம்முறை கையாளப்பட்டது. அரண்யாவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வடிவமைப்பு

ஏறத்தாழ 85 எக்டேயர் நிலத்தில், சுமார் 6,500 மனைகள் ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. கடைகளும் பொதுக் கட்டிடங்களும் நடுவே முதுகெலும்பு போலச் செல்லும் பகுதியில் இடம்பெற்றன. மனைகளில் 65 விழுக்காடு அளவு மிக வறிய பிரிவினருக்கு உரியவை. இவற்றுள் மிகச் சிறியது சுமார் 35 சதுர மீட்டர். இம்மனைகளில் அடித்தளம், கழிவறை, தண்ணீர்க் குழாய் ஆகியவை அமைக்கப்பட்டன. இருபது வீடுகளுக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி என்று தொகுத்ததால் குழாய்ச் செலவு குறைந்தது. வசதி படைத்தோருக்கான பெரிய மனைகள் முதன்மைச் சாலைகளை ஒட்டி விற்கப்பட்டன. அவ்வருவாய் சிறிய மனைகளின் விலையைத் தாங்கியது.

ஆயினும் இத்திட்டத்தின் சிறப்பு மனைகளின் மலிவில் இல்லை, தெருக்களிலேயே உள்ளது. இந்தூரின் சேரிப் பகுதிகளில் மக்கள் தாமாகக் கட்டிய வீடுகளை, இவ்வறக்கட்டளையும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் ஆராய்ந்தன. அங்கே தெரு என்பது வெறும் வழி அன்று. சமையல், சிறு வணிகம், குழந்தைகளின் விளையாட்டு, உறக்கம் எல்லாம் அங்கேயே நிகழ்ந்தன. அதனால் அரண்யாவில் ஒடுங்கிய தெருக்களும் அவை கூடும் இடங்களில் சிறு திறந்த வெளிகளும் அமைக்கப்பட்டன. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே ஓட்லா எனப்படும் திண்ணை இடம்பெற்றது. தோசி வடிவமைத்த 80 மாதிரி வீடுகள், ஓர் அறையில் தொடங்கும் வீடு எவ்வாறு மாடியும் வெளிப்படிக்கட்டும் பெற்று வளரலாம் என்பதைக் குடியேறுவோருக்குக் காட்டின.

பிற்கால நிலை

மாதிரி வீடுகளிற் பல இன்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றப்பட்டுள்ளன. இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். ஆனால் மாற்றிக் கட்டுவதற்கு இடமளிப்பதே திட்டத்தின் நோக்கமாக இருந்தது. மனை பெற்ற வறியோர் சிலர் அதனை வசதியுள்ளோருக்கு விற்று வெளியேறினர் என்பதே கூடுதலாகக் கருதத்தக்க குறை. நல்ல சூழல் நில மதிப்பை உயர்த்தும்; உயர்ந்த விலையே வறியோரை விற்கத் தூண்டும். இதனைத் தடுக்கும் வழி தெரு வடிவமைப்பில் இல்லை, மனை உரிமை பற்றிய விதிகளிலேயே உள்ளது.

தோசி 2018 இல் பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றார். இப்பரிசைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. 2023 சனவரியில் காலமானார்.