எல்லாப் பொருத்தமும் உள்ள நெல்

நன்னிலத்தில் விதைக்கடை வைத்திருப்பவனிடம் யாரும் மகசூலை மட்டும் கேட்பதில்லை. "தம்பி, சாயக் கூடாது, புகையான் அடிக்கக் கூடாது, ஐப்பசி மழையில தண்ணி நின்னாலும் தாங்கணும், ஏக்கருக்கு நாப்பது மூட்டைக்குக் குறையாம காணணும். அப்படி ஒரு விதை குடுங்க" என்பார் ஒருவர். பின்னால் நிற்கும் ஆச்சிக்கு வேறு கவலை: "வைக்கோல் உசரமா வருமா? ரெண்டு மாடு நிக்குது." வியாபாரிக்கு அரிசி சன்னமாக இருக்க வேண்டும். அறுப்பு மெஷின்காரருக்குப் பயிர் நிமிர்ந்து நிற்க வேண்டும். காலையில் வடித்த சோறு ராத்திரிக்கும் மெத்தென்று இருக்க வேண்டும் என்பது வீட்டு அடுப்படியின் உத்தரவு.

இத்தனையும் ஒரே விதையில் கிடைக்குமா? கணக்குப் போட்டால் தலை சுற்றும். இரண்டு ரகங்களை ஒட்டுக் கட்டினால் இரண்டாம் தலைமுறையில் செடிக்குச் செடி குணம் மாறும். ஒரு குணத்தில் பத்தில் ஒரு செடிதான் தேறும் என்று வையுங்கள். மூன்று குணமும் ஒன்றுசேர வேண்டுமென்றால் ஆயிரத்தில் ஒன்று. ஐந்து குணம் என்றால் லட்சத்தில் ஒன்று.

அந்த லட்சத்தில் ஒன்றும்கூட, குணங்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தால்தான். நெல்லில் அவை சும்மா இருப்பதில்லை. வயது குறைந்தால் மகசூல் குறையப் பார்க்கும். கதிரில் மணி கூடினால் மணியின் எடை இறங்கும். சாயாமல் இருக்கக் குட்டையாக்கினால் ஆச்சியின் மாட்டுக்கு வைக்கோல் இல்லை. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 இதற்குச் சாட்சி. களத்தில் நெல்லைக் குவித்தது. ஆலையில் அரிசி நொறுங்கியது, சோறு ஆறியதும் விறைத்தது.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி நம் ஊர் ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். ரஜ்ஜு தட்டினால் மற்ற ஒன்பது பொருத்தமும் வீண் என்று ஜோசியர் ஏட்டை மூடிவிடுவார். மற்றவற்றில் கூட்டிக் கழித்து, பரவாயில்லை என்பார். குலைநோய்க்கு இந்த அளவாவது தாங்காத செடி வேண்டாம் என்று ஒதுக்குவது முதல் வகை. இரண்டாவது வகையில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு மதிப்பு வைத்து, எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டுகிறார்கள். இந்தக் கணக்கை 1936-இல் கோதுமைக்கு எழுதிக் காட்டியவர் ஃபேர்ஃபீல்ட் ஸ்மித். 1943-இல் ஹேசல் அதைக் கால்நடை வளர்ப்புக்குக் கொண்டுபோனார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாக இறங்கும் குணமா என்பதும் கணக்கில் சேரும். உயரத்தையும் வயதையும் முதல் தலைமுறைகளிலேயே கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். மகசூலைத் தனிச்செடியில் பார்த்து நம்ப முடியாது. திடல் போட்டு, பருவம் மாற்றி, ஊர் மாற்றித்தான் அளக்க வேண்டும். ஒரு ரகம் வெளிவர ஏறக்குறைய பத்தாண்டு பிடிப்பது அதனால்தான்.

பக்கத்து ஆடுதுறையில் 1922 முதல் இந்த வேலை நடக்கிறது. 1998-இல் வந்த ஏ.டி.டி.43-க்குப் பெற்றோர் ஐ.ஆர்.50-உம் திருந்திய வெள்ளைப் பொன்னியும். குறுவைக்கு ஏற்ற நூற்றுப்பத்து நாள் வயதும் சன்ன அரிசியும் ஒரே பயிரில் சேர்ந்தன.

எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது வெள்ளத்தின் கதை. ஒடிசாவில் எஃப்.ஆர்.13ஏ என்று ஒரு பழைய நெல். இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மற்ற நெல் தண்ணீருக்கு மேலே தலைகாட்ட அவசரமாக நீண்டு, சேமித்த சத்தையெல்லாம் தீர்த்துச் சாகும். இது வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். ஆனால் அதன் மகசூல் சொற்பம், அரிசியும் நம் வாய்க்கு ஒத்துவராது. அந்த ஒரு குணத்தை மட்டும் எடுக்க நினைத்தால் வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. காரணமான சப்1ஏ மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. நாற்றின் இலையைச் சோதித்தே எந்தச் செடியில் அது இருக்கிறது என்று அறியலாம் என்ற நிலை வந்ததும், நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்ப ஒட்டுக் கட்டி அதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். 1982-இல் கட்டாக்கில் உருவாகி, இங்கே பொன்மணி என்ற பெயரில் சம்பாவுக்கு நிலைத்துவிட்ட சி.ஆர்.1009-இலும் அப்படிச் சேர்த்ததுதான் சி.ஆர்.1009 சப்1. எங்கள் பள்ளக்கால் வயல்களுக்கு அது ஆறுதல். மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீருக்கு அதுவும் மருந்தல்ல.

ஒரு குறை எனக்கு உண்டு. எந்தக் குணத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்யும் இடத்தில் ஆச்சியின் மாடு இல்லை. வைக்கோலுக்கும் பழைய சோற்றுக்கும் அந்தப் பட்டியலில் எத்தனை இடம்? ரகம் ஏறக்குறைய முடிவான பிறகு விவசாயி வயலில் திடல் போட்டுக் கருத்துக் கேட்பதைவிட, ஒட்டுக் கட்டுவதற்கு முன்பே வந்து கேட்பது நல்லது.

விதை வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை மூட்டை என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். எத்தனை நாள், எந்த நோய்க்குத் தாங்காது, தண்ணீர் நின்றால் என்னவாகும், கொள்முதல் நிலையத்தில் சன்னமா பொதுவா என்பதையெல்லாம் முதலில் கேளுங்கள். புது ரகம் என்றால் முதல் பருவத்தில் ஒரு மாவுக்கு மேல் போடாதீர்கள்.